எட்ஸி என்எஃப்வி குழுவுக்கு: சோதனை முடிவுகளைப் பெயரோடு வெளியிடுங்கள்

எட்ஸியின் என்எஃப்வி குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிர்ணய அமைப்பான எட்ஸியில், நெட்வொர்க் வேலைகளை மென்பொருளாக ஓட்டும் முறைக்கு (என்எஃப்வி) நீங்கள் எழுதும் விவரக்குறிப்புகளை வைத்துக்கொண்டு, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கிளவுடில் விஎன்எஃப்களை, அதாவது அப்படி மென்பொருளாக ஓடும் நெட்வொர்க் பாகங்களை, நிறுவிப் பராமரிப்பது என் வேலை.

2012-இல் ஏழு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து உங்கள் குழுவைத் தொடங்கின. தனித்தனி இரும்புப் பெட்டிகளில் ஓடிய ஃபயர்வாலும் மொபைல் நெட்வொர்க்கின் மையப் பகுதியும் (மொபைல் கோர்) இனி சாதாரண சர்வரில் மென்பொருளாக ஓடும், ஒரே விற்பனையாளரிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் பேச்சு. பெட்டிகள் பெருமளவு போய்விட்டன. மாட்டிக்கொள்வது மட்டும் இடம் மாறி, விஎன்எஃப்களை நிர்வகிக்கும் மென்பொருளான விஎன்எஃப்எம்முக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சுமை கூடும்போது புதுப் பிரதிகளைச் சேர்க்கும் ஸ்கேல் அவுட்டையே பாருங்கள். உங்கள் சோல்003 விவரக்குறிப்பின்படி, மேலிருந்து எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் என்எஃப்விஓ கேட்கிறது, விஎன்எஃப்எம் 202 என்று பதில் தருகிறது. பிறகு விஎன்எஃப்எம்மே திரும்பி வந்து அதற்கான அனுமதி (கிராண்ட்) கேட்கிறது, என்எஃப்விஓ கொடுக்கிறது. கிளவுட் மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கில் புது விர்ச்சுவல் மெஷினும் (விஎம்) எழுந்துவிடுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் மென்பொருளுக்குத் தன் பங்கு டிராஃபிக் வர வேண்டும் என்பதே தெரியாது. அதைச் சொல்லும் ஸ்கிரிப்ட் விற்பனையாளரின் சொந்த விஎன்எஃப்எம்மில்தான் ஓடும், நாங்கள் வைத்திருக்கும் பொது விஎன்எஃப்எம்மில் ஓடாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அதே கதை. 202 என்றால் ‘கேட்டுக்கொண்டேன்’ என்றுதான் அர்த்தம், ‘முடித்துவிட்டேன்’ என்றல்ல. அறிக்கையில் மட்டும் அது பச்சையாகத் தெரியும்.

கடைசியில் விற்பனையாளருக்கு ஒரு விஎன்எஃப்எம் என்று ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அப்கிரேடு, தனி லைசென்ஸ், நள்ளிரவில் எழுப்ப தனி ஆள். இதற்குப் பெயர் ஆட்டோமேஷன்!

விஎன்எஃப்பை விவரிக்க டோஸ்கா என்ற மொழியில் சோல்001, யாங் என்ற மொழியில் சோல்006 என்று இரண்டு வழிகளை வைத்ததும் நீங்கள்தான். ஓப்பன் சோர்ஸ் திட்டமான ஓனாப் முதலாவதைப் பிடித்துக்கொண்டது. உங்கள் நிழலிலேயே வளர்ந்த இன்னொரு திட்டமான ஓஎஸ்எம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. சரி, அது நடந்து முடிந்த கதை, இப்போது கிளற வேண்டாம்.

நான் கேட்பது புது விவரக்குறிப்பு அல்ல, இருப்பதே படிக்க முடியாத அளவுக்கு இருக்கிறது. டிஎஸ்டி010 என்ற விவரக்குறிப்பில், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐகளுக்கான சோதனைகளை ரோபோட் ஃபிரேம்வொர்க் என்ற சோதனைக் கருவியில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டும்படி பொதுவில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் வேலைகளிலேயே எனக்கு அதிகம் பயன்பட்டது அதுதான். ஆனால் பல நிறுவனங்களின் தயாரிப்புகளை ஒன்றாக இணைத்துப் பார்க்கும் பிளக்டெஸ்ட் நடத்திவிட்டு அறிக்கையில் மொத்தக் கணக்கை மட்டும் போடுகிறீர்கள். எந்தத் தயாரிப்பு எதில் தேறவில்லை என்று வெளியில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. போட்டியாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து சோதிக்க அந்த ரகசியம் தேவை என்பது புரிகிறது. அது அப்படியே இருக்கட்டும்.

அதற்கு வெளியே ஒரு பட்டியல் தொடங்குங்கள். விற்பனையாளர் தன் விஎன்எஃப்எம்மின் எந்தப் பதிப்பை டிஎஸ்டி010-இல் ஓட்டினார், எது தேறியது, எது தேறவில்லை என்பதை அவரே அதில் பதியட்டும். ஸ்கேல், ஹீல் (பழுதானதை மீட்பது) இரண்டுக்கும் ஏபிஐ பதிலோடு நிற்காமல், புது விஎம் உண்மையில் டிராஃபிக் எடுத்ததா என்று பார்க்கும் சோதனையையும் சேருங்கள். உங்களில் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இருக்கிறீர்கள். அடுத்த டெண்டரில், இந்தப் பட்டியலில் இல்லாத பதிப்பை வாங்க மாட்டோம் என்று ஒரு வரி சேர்க்க உங்களால் முடியும். கன்டெய்னர்களுக்கான விவரக்குறிப்புகள் இப்போது நடைமுறைக்கு வரும் நேரம், பட்டியலையும் அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு ஒருங்கிணைப்புப் பொறியாளர்