வேனுக்குள் மின்சாரம்: பேட்டரிக்குக் கொட்டுகிறோம், ஒயரில் மிச்சம் பிடிக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை வந்தால் வால்பாறைக்கும் கொல்லிமலைக்கும் வேனையே வீடாக்கிக்கொண்டு கிளம்புகிற குடும்பங்கள் இருக்கின்றன. படுக்கை, ஃபேன், சிறிய ஃப்ரிட்ஜ் எல்லாம் வண்டிக்குள்ளேயே. சந்தோஷமான விஷயம். ஆனால் சில வண்டிகளில் கரண்ட் எடுத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. வீட்டு இன்வெர்ட்டரையும் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியையும் பின் சீட்டுக்கு அடியில் தள்ளி, வீட்டு ஒயரால் இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது அந்த பேட்டரி எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை விடும். வீட்டு வராந்தாவில் அது காற்றோடு போய்விடும். கண்ணாடி ஏற்றிய வேனில் தூங்குகிறவர்களோடு தங்கும். போதாததற்கு 50 கிலோவுக்கு மேல் எடை. கட்டாமல் வைத்தால் சடன் பிரேக்கில் எங்கே போய் மோதும் என்று சொல்ல முடியாது.

வண்டியின் சொந்த பேட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டுவதும் ஆகாது. 45 ஏ.எச். பேட்டரியில் 150 வாட் எடுத்தால் மூன்று மணி நேரத்தில் காலி. காலையில் செல்ஃப் எடுக்காது.

இதற்கென்று தனியாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைப்பதே சரி. எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் நம் வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 450 வாட்-மணி இழுக்கும். 15 வாட் ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம் ஓடினால் 300. விளக்கு, போன் எல்லாம் சேர்ந்து 135. மொத்தம் 885. 12.8 வோல்ட், 100 ஏ.எச். பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கும். அதில் 80 சதவீதம் எடுத்தாலும் 1,024. ஒரு நாளுக்குத் தாராளம். வாங்கும்போது உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 50 ஆம்பியர் பி.எம்.எஸ். போட்ட பேட்டரியில் 1,000 வாட் இன்வெர்ட்டரை முழு லோடில் ஓட்டினால் பட்டென்று கட்டாகும். பேட்டரி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவார்கள். ஊட்டியின் டிசம்பர், ஜனவரி உறைபனியில் போய் நிற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்த பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகப் பழுதாகும். குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி உள்ளதையே வாங்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏற்ற வெறும் ரிலே (இரண்டு பேட்டரியையும் நேராக இணைக்கும் சுவிட்ச்) போடாதீர்கள். லித்தியம் பேட்டரி கிடைக்கிற கரண்டையெல்லாம் வாரி இழுக்கும். எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்நேட்டர் சூடேறிக் கருகும். பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டிகள் பலவற்றில் ஆல்டர்நேட்டரே வோல்ட்டைக் குறைத்துக்கொள்வதால் ரிலே வழியாக முழு சார்ஜும் ஏறாது. வோல்ட்டையும் கரண்டையும் அளவாகக் கொடுக்கும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டால், மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறும் மூன்று மணி நேரத்தில் 90 ஏ.எச். வரை ஏறிவிடும். ஆனால் முன்னாலிருந்து பின்னால் வரை போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் ஒயர். அதை வீட்டு பிளக் பாயிண்டுக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் இழுத்தால் வழியிலேயே 2.1 வோல்ட் போய்விடும். ஒயர் 63 வாட் சூட்டை இருக்கைக்கு அடியில் கக்கும். 16 ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு 0.33 வோல்ட்தான். இந்த ஒயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஃபியூஸும் இரண்டு முனையிலும் வேண்டும். ஒரு முனையோடு நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டு ஏசி கரண்டுக்கான எம்.சி.பி. (டிரிப் சுவிட்ச்) இதற்கு உதவாது, டிசி கரண்டின் தீப்பொறி அதற்குள் அணையாமல் எரியும்.

1,000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 95 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 35 ஸ்கொயர் எம்.எம். ஒயர், கூடுமானவரை குட்டையாக. 125 ஆம்பியர் ஃபியூஸ். இண்டக்‌ஷன் அடுப்பை இதில் மறந்துவிடுங்கள்.

ஃபியூஸ் போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. சுத்தியலால் தட்டி நசுக்கிய லக்கில் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) பத்து மில்லி ஓம் தடை இருந்தாலே, 90 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 81 வாட் சூடு பிறக்கும். சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! கரண்ட் அளவு மீறாததால் ஃபியூஸும் போகாது. லக் பழுத்து, உறை உருகி, பக்கத்திலிருக்கும் பிளைவுட் புகையும். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில்தான் அழுத்த வேண்டும். இன்வெர்ட்டரில் முழு லோடு கொடுத்துவிட்டு, லக்குக்கும் ஒயரின் செம்புக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்த லக்கை வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கிய பிறகு நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்ப்பது அவசியம். தகரத்தைத் துளைத்து ஒயர் போகும் ஓட்டையில் ரப்பர் கிராமெட் (வளையம்) இல்லையென்றால், அதிர்விலேயே உறை அறுந்து ஷார்ட் ஆகும்.

கூரையில் படுக்கையாக வைத்த 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் 300 முதல் 350 வாட்-மணி தரும். ஃப்ரிட்ஜுக்குக்கூட முழுதாகக் காணாது. நிழலுக்காகப் புளியமரத்தடியில் நிறுத்தினால் அதுவும் இல்லை. சோலார் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்துவிட்டுப் பிறகு பேனலை இணையுங்கள். கழற்றும்போது பேனல்தான் முதலில்.

இந்த சாமான்களை கிட்டாக விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த இடத்தில் எத்தனை ஸ்கொயர் எம்.எம். ஒயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று தமிழில் அச்சிட்ட ஒரு வரைபடத்தை பில்லோடு கொடுங்கள். கூடவே ஒவ்வொரு ஃபியூஸிலும் ஒன்று உபரியாகக் கொடுங்கள். அது இல்லாததால்தான் ராத்திரியில் மலைமேல் ஃபியூஸ் போனதும் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டுப் படுக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாகன எலக்ட்ரீஷியன்,
நாமக்கல்.