ஐரிஸின் இடைக்கச்சையில் நீலம் இருக்கிறது

பிரிட்டிஷ் மியூசியம் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். 1937–38-ல், உங்களிடம் இருக்கும் பார்த்தினான் சிற்பங்களுக்கு, அதாவது ஏதென்ஸின் பழங்காலக் கோயிலிலிருந்து வந்த பளிங்குச் சிற்பங்களுக்கு, நேர்ந்தது உங்களுக்குத் தெரியும். புதுக் கூடத்துக்குப் பணம் கொடுத்த டுவீன் பிரபு வெள்ளை வெளேரென்ற பளிங்கை விரும்பினார்; அதனால் செப்புக் கருவிகளாலும் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புப் பொருளாலும் சிற்பங்களைச் சுரண்டினார்கள். அந்தச் சிற்பங்களின் பென்டெலிக் பளிங்கில் இரும்பு கலந்திருப்பதால் நாளாக ஆகத் தேன் நிறம் ஏறும். அந்த மேல்தோலையும் அழுக்கோடு அழுக்காக உரித்துவிட்டார்கள். சூரியக் கடவுள் ஹீலியாஸ், நிலவுத் தேவி செலீனுடைய குதிரைத் தலையின் பின்பக்கம், தேவதூதி ஐரிஸ் ஆகியவைதான் அதிகம் அடிபட்டவை.

அந்த ஐரிஸின் இடைக்கச்சையில்தான் 2009-ல் எகிப்திய நீலம் என்ற பழங்கால நிறமி கண்டறியப்பட்டது. வெறும் கண்ணுக்குத் தெரியாத தடயம் அது. இருட்டில் சிவப்பு எல்இடி ஒளியைப் பாய்ச்சினால், அந்த நிறமி சுமார் 910 நானோமீட்டரில் அகச்சிவப்பை உமிழும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை வடிகட்டிவிட்டு எடுக்கும் படத்தில் நீலம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக ஒளிரும். பகல் வெளிச்சமோ குண்டு பல்போ கசிந்தால், அவற்றிலுள்ள அகச்சிவப்பால் கல் முழுவதும் வெளுத்துப் படம் வீணாகும். பழைய கிரேக்க வண்ணங்களில் எகிப்திய நீலத்தை மட்டுமே இந்த முறை காட்டும். ஒளிராத இடத்தில் வண்ணமே இல்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. 2023-ல் வெளியான ஆய்வில் கோயில் முகப்பின் முக்கோணத்தில் இருந்த சிற்பங்கள் 11-லும் சுவரின் மேலே ஓடிய புடைப்புச் சிற்பப் பட்டையின் ஓர் உருவத்திலும் வண்ணத் தடயங்கள் உறுதியாயின.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்த அகச்சிவப்புப் படங்களை அந்தந்தச் சிற்பத்தின் பக்கத்திலேயே, கண் மட்டத்தில், நிரந்தரமாக வையுங்கள். சுரண்டிய பரப்பு எது என்பதையும் அதிலேயே குறியுங்கள்.

வெண்மை கூடக்கூட உடலழகு கூடும் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கலை வரலாற்றாசிரியர் விங்கெல்மான் எழுதினார். பிறகு சிற்பங்களின் வெள்ளைச் சுதை வார்ப்புகளைப் பார்த்து வரைந்தே தலைமுறைகள் பழகின. ரசனை முதலில் வந்தது. அதற்கு ஒத்துவரும்படி கல்லைத் தேய்த்தார்கள். கிரேக்கர் பூசிய வண்ணத்தைவிட ஐரோப்பா விரும்பிய வெள்ளைக்கு மதிப்பு ஏறியது இப்படித்தான். இதைச் சொல்லாமல் அந்தக் கூடத்தில் வெள்ளைச் சிற்பங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொல்வது, வருகிறவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஏதென்ஸுக்குத் திருப்பித் தரக் கேட்டால் மியூசியப் பொருள்களைக் கைவிடத் தடைபோடும் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு படம் மாட்ட எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

தயவுசெய்து படங்களை வையுங்கள். ஐரிஸிலிருந்து தொடங்கினால் போதும்.

பணிவுடன்,
பளிங்குச் சிற்ப ஆர்வலர்கள்