நட்சத்திரம் போட்ட சொற்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் எங்களுக்கும் சந்தோஷம். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து பொடி எழுத்து படிக்க வருகிறது. உடனே ஆதி கெல்டிக், அதாவது ஐரிஷ், வெல்ஷ் போன்ற மொழிகளின் தாய்மொழி, அதன் சொற்பிறப்பியல் அகராதியோடு உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

கெல்டிக் மூதாதையர் மதத்தை என்னவென்று சொன்னார்கள் என்று கேட்டிருந்தாய். பழைய ஐரிஷில் 'க்ராவுத்' என்றால் பக்தி. வெல்ஷில் 'க்ரெவித்' என்றால் மதம். இரண்டையும் பின்னோக்கித் தள்ளினால் 'க்ரப்' என்ற வேரில் போய் நிற்கும். எழுத்தில் எங்கும் கிடைக்காததால் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. சமஸ்கிருத 'விஸ்ரம்பம்' இதற்கு உறவாம்; ஒருவரை நம்பி மனம் விட்டிருப்பது. அங்கே சகரம் வரும் இடத்தில் கெல்டிக்கில் ககரம் வரும். 'சதம்' வெல்ஷில் 'கன்ட்'.

இன்னொன்று, நம்புவதற்கான ஐரிஷ் வினை 'க்ரெதித்'. இது லத்தீன் 'க்ரேடோ'வுக்கும், "சிரத்தையாப் படி" என்கிறோமே, அந்தச் சிரத்தைக்கும் பங்காளி. 'இதயத்தை வைப்பது' என்பது பழைய விளக்கம். பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை. சிரத்தையில் சகரம் இருக்க, சமஸ்கிருதத்தில் இதயம் 'ஹ்ருத்' என்று ஹகரத்தில் தொடங்குவது எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் பழைய விளக்கத்தை விட மனசில்லை.

என் சந்தேகம் வேறு. ஒலிக்கு விதி உண்டு, பின்னால் போகலாம். பொருளுக்கு அப்படி ஏது விதி? பழைய ஐரிஷ் நமக்கு வந்ததே பெரும்பாலும் கிறிஸ்தவத் துறவிகள் கைவழியாகத்தான். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில், பைபிளில் வரும் பவுலின் நிருபங்களின் லத்தீன் பிரதி ஒன்று இருக்கிறது; வரிகளுக்கு நடுவே, ஓரத்தில், 8ஆம் நூற்றாண்டு ஐரிஷ் குறிப்புகள் பொடிப்பொடியாக. அந்தக் கைகளில் பழகிய 'க்ராவுத்' போன்ற சொல்லுக்கு, அதற்கு ஆயிரம் வருஷம் முன்பும் 'மதம்' என்றே பொருள் என்று எப்படிச் சொல்வது? ரோமானியத் தளபதி சீசர், இன்றைய பிரான்ஸ் பக்கம் வாழ்ந்த கோல் மக்களை 'ரெலிகியோ'வில் (ஆங்கில 'ரிலிஜன்' இதிலிருந்து வந்ததுதான்) ஊறியவர்கள் என்று எழுதினார். சொல் அவருடையது, அவர்களுடையது அல்ல. கெல்டிக் பூசாரிகளான துருயிதுகளோ தங்கள் போதனையை எழுதக் கூடாது என்றே வைத்திருந்தார்கள். ஆகவே 'நம்பிக்கை' வரைக்கும் நான் வருவேன், 'மதம்' என்றால் தயங்குவேன். உன் பக்கம் என்ன?

அப்புறம், மார்கழியில் வருவதானால் முன்னாடியே எழுது. மாடி அறையை ஒழித்து வைக்க வேண்டும், அங்கேயும் புத்தகம்தான்.

அன்புடன்,
ராமு