பட்டியலில் விட்டுப்போன அத்தை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று மாட்டுப் பொங்கல். கஜா புயல் அடித்துச் சரியாக இரண்டு மாதம். மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டிவிட்ட கையோடு பிள்ளையார் கோயில் திடலில் நம் ஊர்ப் பையன்கள் பதினான்கு பேருக்குத் துண்டு போட்டுப் பாராட்டினோம். போனில் சொன்னால் வேலை அவசரத்தில் ஊம் ஊம் என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சிங்கப்பூரில் டிவியில் பார்த்தது வேறு. நவம்பர் 16 விடிந்தபோது நம் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வழியே இல்லை. தென்னை விழுந்து, அதன் மேல் கம்பம் விழுந்து, கம்பி சுற்றிக் கிடந்தது. நம் தோப்பில் எண்பதில் பதினொன்றுதான் நிற்கிறது (அதை இங்கே எழுத ஆரம்பித்தால் கடிதம் முடியாது, புதுக்கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அப்போது பார்த்துக்கொள்வோம்). அந்தப் பையன்கள்தான் மர டிப்போவில் அறுக்கும் மெஷினை இரவல் வாங்கி, பெட்ரோலுக்குத் தங்களுக்குள்ளேயே காசு போட்டு, மறுநாள் இருட்டுவதற்குள் ரோட்டைத் திறந்தார்கள். இவர்களில் பாதிப் பேரை வெட்டிப்பயல்கள் என்று திட்டியவன் நான், அதுவும் உனக்குத் தெரியும்.

கரண்ட் இல்லாவிட்டால் தண்ணீரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொட்டியில் ஏற்ற மோட்டார் ஓட வேண்டுமே. வெளியூர் மைக்செட்காரரிடம் ஜெனரேட்டரை வாடகைக்குப் பேசி டிராக்டரில் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல், கொடுக்க முடியாத வீட்டில் கேட்கவில்லை. அது ஓடுகிற நேரத்தில் மோட்டார் ரூமில் போன்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். மூன்றாம் நாள் "நல்லா இருக்கோம்" என்று உனக்கு வந்த மெசேஜ் அங்கிருந்து அனுப்பியதுதான்.

அப்புறம் கம்பம் நட கரண்ட் ஆட்கள் வந்தார்கள், வெளி மாவட்டத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும்கூட. வயல் சேற்றில் லாரி இறங்காது. கம்பத்தில் கயிறு கட்டி இந்தப் பிள்ளைகள்தான் இழுத்துக்கொண்டு போனார்கள், தோளெல்லாம் புண். இருபத்து மூன்றாம் நாள் ராத்திரி லைட் எரிந்தபோது தெருவே கத்தியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பட்டியல் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பதினான்கு பெயரையும் எழுதி, இரண்டு தரம் சரிபார்த்துத்தான் கொடுத்தேன். மைக்கில் வாசித்தார்கள், ஒவ்வொருவனாக வந்து வாங்கினான். கடைசியாக வந்த டீக்கடைக்காரர் மகன் துண்டை வாங்காமல் மைக்கைப் பிடித்து, "மரம் அறுத்தது நாங்க. சோறு போட்டது யாரு?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டி, கூரை போன வீட்டுக்காரர்களுக்கும் கரண்ட் ஆட்களுக்கும் மூன்று வேளை பொங்கிப் போட்டவர்கள் ஒன்பது பொம்பளைகள். ஈர விறகுப் புகையில் கண் வீங்கிப்போய் நின்றவள் உன் அத்தை, என் கூடப் பிறந்தவள். அந்தச் சோற்றை நானும் வரிசையில் நின்று வாங்கித் தின்றேன் பாப்பா. எழுதும்போது ஒரு பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

அங்கேயே ஒன்பது பெயரையும் நானே மைக்கில் சொன்னேன், குரல் சரியாக வரவில்லை. அவன் வாங்காமல் விட்ட ஒன்றைத் தவிர துண்டு மிச்சமில்லை. யாரோ பஜாருக்கு வண்டியை எடுக்கப் போனார்கள். அத்தை விடவில்லை. "துண்டை வச்சு நான் என்னடா பண்ண? தலப்பா கட்டவா? அந்தப் பெரிய அண்டா அடி ஓட்டையாப் போச்சு, அதை அடைச்சுக் குடு" என்றாள். கூட்டமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்த அண்டா நம் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. இன்று காணும் பொங்கல், பட்டறை திறக்காது. நாளைக் காலையில் அதே டீக்கடைப் பையனின் வண்டியில் வைத்துக் கட்டி பேராவூரணிக்கு எடுத்துப் போகிறேன். அத்தைக்கு ஒரு போன் போடு. என் பெயரைச் சொல்லாதே, இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள்.

அன்புடன்
அப்பா