தானிய வரியில் பிறந்த வார இதழ்

ஆசிரியருக்கு,

மகன் வவுனியாவில் இருந்து கொண்டுவந்த பழைய ‘எக்கொனமிஸ்ட்’ இதழை வயல் காவலுக்குப் போன இடத்தில் புரட்டினேன். கட்டுரைகளில் எழுதியவர் பெயரே இல்லை. அது அவர்கள் வழக்கமாம். 1843இல் லண்டனில் அதைத் தொடங்கிய ஜேம்ஸ் வில்சன், தொப்பி செய்து விற்றவர். வெளிநாட்டுத் தானியத்துக்குப் போட்ட வரியை எதிர்க்கத்தான் பத்திரிகையே. 1846இல் அந்த வரிச் சட்டம் போனது. அப்புறம் 1860இல் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தவரும் இவர்தான்!

சரி, பாண் வாங்குகிறவனுக்கு வில்சன் நல்லவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விதைத்து, அறுவடை நேரத்தில் இறக்குமதி அரிசியோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அவர் சொல்வது அவ்வளவாக ஒத்துவரவில்லை. நெல் விலை, உரம், நகைக்கடன் பற்றி நீங்களும் வாரம் ஒரு பக்கம் போடலாமே.

நெல் விவசாயி,
கிளிநொச்சி