வலரன்ட் அணிகளுக்கு ஒரு தலைவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துப் பெடியளுக்குக் கணினி விளையாட்டில் குறிபார்த்துச் சுடுவதில் ஒரு குறையும் இல்லை. கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் வலரன்ட் என்ற, ஐந்து ஐந்து பேராக மோதும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடும் அணிகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன், அநேகமாகத் தோற்பது தலைமை இல்லாமல்தான். ஐந்து பேரும் ஒரேயடியாகக் கத்தினால் யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு சுற்று 100 விநாடி, ஸ்பைக் என்ற குண்டை வைத்தால் வெடிக்க 45 விநாடி, அதற்குள் எந்தப் பக்கம் போவது, யார் ஸ்மோக் (மறைப்புப் புகை) போடுவது, திரும்புவதா இல்லையா என்று ஒருவர் முடிவெடுத்துச் சொல்ல வேண்டும். அதையும், குண்டு வைக்கும் இடங்களின் பெயரைச் சொல்லி, "ஏ-யில் ரெண்டு பேர், பி-க்குத் திரும்புங்கோ" என்ற அளவில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரியின் காலடிச் சத்தம் கேட்காது. விளையாட்டுக்குள் கிடைக்கும் காசும் அப்படித்தான், நாலு பேர் சேமிக்கும்போது ஒருத்தர் மட்டும் 2900 கொடுத்து வாண்டல் துப்பாக்கி வாங்கினால் அடுத்த சுற்றும் கெட்டுப்போகும். அதிகம் சுட்டு வீழ்த்துகிறவரிடமே தலைமையைக் கொடுக்கிறார்கள், அவருக்குத் தன் சண்டையைப் பார்க்கவே நேரம் போதாது. பிழை விட்டவரைச் சுற்றின் நடுவே திட்டுவதும் வேண்டாம், ஆட்டம் முடிந்தபின் பதிவைப் போட்டுப் பார்த்துப் பேசலாமே.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இணைய விளையாட்டுகளுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். நம்முடைய சனசமூக நிலையங்கள் போட்டி வைத்தால், ஒவ்வொரு அணியும் தலைவர் பெயரை முன்கூட்டியே தரவேண்டும் என்று விதி போடட்டும்.

வாசகர்,
கொக்குவில்