எல்லாவற்றுக்கும் மூன்று போட்டவள்

அன்புள்ள மைதிலி,

கடிதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வந்து சேர்ந்தன. பாட்டில் உடையவில்லை. தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டே அவர் பாதியைக் காலி செய்துவிட்டார்.

கயலுக்கு என்மேல் வருத்தம் என்று எழுதியிருந்தாய். அவளுடைய எம்.ஏ. உளவியல் ஆய்வுக்கு நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தில், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எண் போட வேண்டிய நாற்பது கேள்விகளில் முப்பதுக்கு மேல் நடு எண்ணான ‘3’ தானாம். “அத்தை படிச்சுப் பாத்தாங்களா, சும்மா டிக் அடிச்சாங்களா?” என்று கேட்டாளாமே! சத்தியமாகப் படித்தேன். ‘என் வாழ்க்கை எனக்குத் திருப்தியாக இருக்கிறது’ என்ற வரிக்கு நேராக ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று போடக் கை வரவில்லை, அவ்வளவுதான். கண்ணு பட்டுவிடும் என்று பயந்தேனோ என்னவோ. நீயாக இருந்தால் யோசிக்காமல் 5 போட்டிருப்பாய். ஹாஸ்டல் டீயைக் குடித்துவிட்டு ‘செத்தேன்டி’ என்பாய், ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு ‘சொர்க்கம்’ என்பாய். நான் இரண்டுக்கும் ‘பரவாயில்லை’ சொன்னவள். அதே டீதான், அதே தோசைதான்.

இருபது வருஷம் கணக்கெடுப்பு வேலையில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். ஒரு நாளை மறக்கவே முடியாது. ஆலங்குடிப் பக்கம் ஒரு ஊர், திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி. ‘என்ன கஷ்டம் வந்தாலும் என்னால் சமாளிக்க முடியும்’ என்று வாசித்தேன். “ஆமா தாயி.” பத்துக் கேள்வி தள்ளி அதையே திருப்பிப் போட்டிருந்தார்கள்: ‘கஷ்டம் வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் திணறிப் போகிறேன்.’ அதற்கும் “ஆமா தாயி.” ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை போடட்டும் என்று கேட்டேன். “ஒனக்கு எது தோதோ அதப் போட்டுக்க” என்று சொல்லிவிட்டு, எனக்கு மோர் கொண்டுவரப் பேத்தியைக் கூப்பிட்டார்.

முன்னுக்குப் பின் முரண் என்று அந்தப் படிவத்தை ஒதுக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு அந்தப் பெண் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தவர் அவர். திணறியதும் நிஜம், சமாளித்ததும் நிஜம். அதோடு, வெயிலில் வீடு தேடி வந்தவளிடம் ‘இல்லை’ என்று சொல்லிப் பழகாதவர். இப்படிக் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவதை ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கில் வரும் கோளாறு என்கிறார்கள். எனக்கென்னவோ அதில் பாதி மரியாதை என்றுதான் படுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் வைத்திருக்கிறேன். இந்த ஐந்து கட்ட முறையைக் கொண்டுவந்தவர் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர், 1932-இல். (நம் வாத்தியார்கள் எல்லாரும் ‘லைக்கர்ட்’ என்றே சொல்லிக்கொடுத்தார்கள். அவர் தன் பெயரை ‘லிக்கர்ட்’ என்றுதான் சொல்வாராம்.) கேள்வி எதுவானாலும் ஆளுக்கொரு பாணியில் பதில் சொல்லும் இந்தப் பழக்கத்தை லீ குரோன்பாக் என்ற உளவியல் அறிஞர் 1946-லேயே எழுதி எச்சரித்துவிட்டார். 1995-இல் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு ஒப்பீடு செய்தார்கள். ஜப்பான், தைவான் பிள்ளைகள் நடு எண்ணை அதிகம் தொட்டார்கள், அமெரிக்கப் பிள்ளைகள் இரண்டு ஓரங்களையும். கயலிடம் சொல், அவள் அத்தை தனி ஆள் இல்லை.

கட்டத்தில் என்ன எண்ணை அச்சடிக்கிறோம் என்பதே பதிலை மாற்றிவிடும் என்பதுதான் எனக்கு அதிர்ச்சி. நார்பர்ட் ஷ்வார்ஸும் கூட்டாளிகளும் ஜெர்மனியில் ‘வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி கண்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். 0 முதல் 10 வரை என்று கொடுத்தபோது 34 சதவீதம் பேர் 5-க்குள் நின்றார்கள். அதே பதினொரு கட்டத்தை மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை என்று மாற்றியதும், கீழ்ப்பாதிக்கு வந்தவர்கள் 13 சதவீதம்தான். அடிக்கட்டத்தில் பூஜ்யம் என்றால் வெற்றி இல்லை என்று அர்த்தம். மைனஸ் என்றால் தோற்றுப்போனவன் என்று அர்த்தம். அதைத் தன் கையால் யார் டிக் அடிப்பார்கள்?

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. அமர்த்திய சென் 2002-இல் எழுதியது. அப்போது இந்தியாவில் ஆயுள் நீண்ட மாநிலம் கேரளம். உடம்பு சரியில்லை என்று சொல்பவர்களும் அங்கேதான் அதிகம். பீகாரில் ஆயுளும் குறைவு, அப்படிச் சொல்பவர்களும் குறைவு. படிப்பும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ‘இது நோய், மருந்து உண்டு’ என்று தெரிகிறது. இல்லாதவர்களுக்கு இருமலும் மூட்டு வலியும் வயசோடு வருவது. சொன்னதை மட்டும் நம்பித் திட்டம் போட்டால் பணத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள், நீயே யோசித்துப் பார்.

கயலுக்கு ஒரு யோசனை. கேரி கிங் என்பவரும் இன்னும் சிலரும் 2004-இல் ஒரு வழி சொன்னார்கள். ‘அரசாங்கத்திடம் உன் பேச்சு எவ்வளவு எடுபடும்?’ என்று நேராகக் கேட்டால், சீனர்கள் மெக்சிகோக்காரர்களைவிட அதிக எண் போட்டார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் ஆண்ட கட்சியை மெக்சிகோக்காரர்கள் 2000-இல்தான் ஓட்டுப் போட்டு இறக்கியிருந்தார்கள்! அதனால் கூடவே சின்னச் சின்னக் கதைகளும் சொன்னார்கள்: குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத ஒருவர் இப்படி இப்படிச் செய்கிறார், அவர் பேச்சு எவ்வளவு எடுபடும், எண் போடு. கதை எல்லாருக்கும் ஒன்று. அதற்கு அவரவர் போடும் எண்ணை வைத்து அவரவர் அளவுகோலைப் புரிந்துகொண்டு கணக்கைத் திருத்தியதும் வரிசை தலைகீழானது. கயலும் இரண்டு கதைகளைச் சேர்க்கட்டும். என் ‘3’ எந்த ஊர் மூன்று என்று அப்போது தெரிந்துவிடும். அதுவரை என் படிவத்தைக் கிழித்துப் போட வேண்டாம் என்று சொல்.

இங்கே அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். முருங்கை இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது.

அப்புறம், உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பத்துக்கு எத்தனை என்றெல்லாம் வேண்டாம். துணி காயப்போட இன்னும் மொட்டைமாடிக்கு ஏறுகிறாயா, கீழேயே கொடி கட்டிவிட்டாயா, அதை மட்டும் எழுது.

அன்புடன்,
உன் செண்பகம்